லாத்திருக்குக் கிடைத்த மரியாதை

இந்தக் காலத்தில் எவனும் காதால் கேட்பதில்லை. மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கைப்பேசியைப் பார்க்கிறான். தலைக்கு மேல் தகரக் கூரை சடசடவென்று அடித்துக்கொள்வது அவனுக்குக் கேட்பதில்லை. மிதிவண்டிச் சங்கிலி ஒரு மாதமாகக் கதறியிருக்கும். அறுந்து விழுகிறவரை ஓட்டிவிட்டு, "திடீர்னு போயிடுச்சு பெரியவரே" என்று தூக்கிக்கொண்டு வருவான். திடீரென்று எதுவும் போவதில்லை. போவதற்கு முன் எல்லாமே சத்தம் போட்டுவிட்டுத்தான் போகிறது.

லாத்திர் ஜூஃப் இப்படித்தான் நினைத்தார். நினைத்ததை எதிரில் நிற்பவன் யாரென்று பாராமல் சொல்லவும் செய்தார். நாற்பத்தொரு வருடம் மிதிவண்டி பழுது பார்த்தவர். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மழைக்காலம் போனதோடு சரி. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடினால் எந்தப் பக்கத்துக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட அவருக்கு இல்லை. எல்லாருமே தேய்ந்தவர்கள்தான் என்பது அவர் கட்சி.

அந்தக் காதுக்காகத்தான் தேர்தலன்று பழுப்புப் பீப்பாய் வேட்பாளரின் ஆட்கள் அவரைத் தங்கள் முகவராக ஜிலாங்கோர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் காம்பியாவில் காகிதத்தில் முத்திரை குத்துகிற வேலை இல்லை. ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பீப்பாய்கள் மறைப்புக்குப் பின்னால் நிற்கும். பிடித்த நிறத்தின் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே தொங்கும் மணியில் பட்டு 'டிங்' என்று ஒலித்துவிட்டு மணலில் விழும். ஓர் ஆளுக்கு ஒரு டிங். இரண்டு கேட்டால் எவனோ இரண்டு போட்டுவிட்டான் என்று பொருள்.

அதனாலேயே தேர்தலன்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மிதிவண்டி வரக் கூடாது. எல்லாரும் தூரத்து இலவமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும் என்று முதல் நாளே காவலர் ஊருக்குள் சொல்லிவிட்டுப் போனார். லாத்திர் கேட்டுக்கொண்டார். இலவமரத்தடியில் வண்டியை விட்டால் மாலையில் இலவமரம்தான் மிச்சமிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே வந்து பள்ளியின் பின்சுவரில், பீப்பாய்கள் இருந்த அறையின் சன்னலுக்கு நேர் கீழே, தன் வண்டியைச் சாத்தினார். மணியைக் கந்தல் துணியால் சுற்றினார். பின்னால் தன் செம்மறிக்கிடாவுக்காக வாங்கிய கடலைக்கொடிக் கட்டு இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார். சட்டம் கவனமில்லாதவர்களுக்குத்தானே.

உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நீமா சானியாங் வந்தாள். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அன்றைக்குக் கோலி கொடுக்கிற வேலை அவளுக்கு.

"டேய் அடிமை! உனக்கு எவன்டா நாற்காலி போட்டது? எசமானி வந்திருக்கேன், எந்திரி."

"எசமானியா? போன மழைக்கு உன்னை நான் சந்தையில வித்தேன். ரொம்பத் திங்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"தினையத் தின்னு தின்னு உன் காது அடைச்சுப்போயிருக்கும். உன்னைப் போயி மணி கேக்க உக்கார வெச்சிருக்காங்களே, நாடு உருப்பட்டுடும்."

அறை முழுக்கச் சிரித்தது. இனத்தில் அவள் ஜுலாக்காரி, அரிசி தின்கிற கூட்டம்; அவர் செரேர்க்காரர், தினை தின்கிற கூட்டம். ஒரே படகில் வந்து, படகு பிளந்து இரண்டு கரையில் ஒதுங்கிய அக்கா தங்கையின் வழிவந்தவர்கள் என்று கதை. ஒரு ஜுலாவும் ஒரு செரேரும் எதிரெதிரே வந்தால் நீ என் அடிமை, இல்லை நீதான் என் அடிமை என்று ஏசிக்கொள்ள வேண்டும். அதில் வயது கிடையாது, ஆண் பெண் கிடையாது. கோபப்படக் கூடாது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகக் கூடாது. ஏசாமல் போனால்தான் அங்கே ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஜுலாக்கள் நிறைந்த அந்த ஊரில் ஒற்றைச் செரேர்க் குடும்பமாக இருந்த லாத்திருக்கு ஒரு நாளைக்கு இருபது பேராவது இப்படி மரியாதை செய்வார்கள்.

பதினோரு மணி வாக்கில் நீமாவின் தம்பி ஜெர்ரே வந்தான். விரலில் மை வைத்தார்கள். அக்காவின் கையிலிருந்து கோலியை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனான்.

டிங்.

அவன் வெளியே வருவதற்குள் இன்னொரு முறை. டிங்.

அந்த இரண்டாவது சத்தம் மெல்லியது. கொஞ்சம் தகரம் கலந்தது. பீப்பாய் மணி அடித்தொண்டையில் பேசும். இது பல்லால் பேசியது. லாத்திரின் காதுக்கு அது தெரியத்தான் செய்தது. ஆனால் காது சொல்லி முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு! ரெண்டு அடிச்சுது! அக்கா குடுக்குறா, தம்பி போடுறான்!"

மற்ற முகவர்களும் எழுந்தார்கள். லாத்திர் கத்திய பிறகு எல்லாருக்கும் இரண்டு கேட்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கதவை நெரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். யாரோ ஒருத்தி நீமாவின் தலைத்துணியைப் பிடித்து இழுத்தாள்; கிழிந்து கையோடு வந்தது. காவலர் ஜெர்ரேயின் வாயில் ஓர் அறை விட்டு இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்.

நீமா வெறுந்தலையோடு நின்றாள். லாத்திரைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள்.

"டேய் அடிமை... காது அடைச்சுப்போச்சுன்னு காலையிலயே சொன்னேன்ல? சிரிடா. சிரிச்சுட்டு, தப்பாக் கேட்டுடுச்சுன்னு சொல்லுடா."

"இது விளையாட்டு இல்ல" என்றார் லாத்திர். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாக்குப்பதிவை நிறுத்தினார்கள். நீமாவைப் பக்கத்து வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். இந்தச் சாவடியின் கோலிகளை எண்ணாமலே ஒதுக்கிவிட வேண்டியிருக்கும் என்று சாவடித் தலைவர் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே நானூறு பேர் வெயிலில் நின்றார்கள்.

லாத்திர் ஒன்றுக்குப் போகப் பின்பக்கம் போனார். அங்கே அவருடைய வண்டியின் மேல் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளாடு கடலைக்கொடியை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. மணியில் சுற்றிய துணி தரையில் கிடந்தது. ஆடு கழுத்தைத் திருப்பிக் கைப்பிடியில் தேய்த்தது.

டிங்.

அவர் ஆட்டைத் துரத்தவில்லை. அது திரும்பவும் தேய்த்தது, திரும்பவும் டிங் என்றது. நாற்பத்தொரு வருடம் ஆயிரம் மணிகளைக் கழற்றி மாட்டியவர். தன் வண்டி மணியை நூறு மணிகளுக்கு நடுவிலும் அடையாளம் சொல்லக்கூடியவர். காதிலிருந்து கழுத்து வரைக்கும் சூடு இறங்கியது. சுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மடியிலிருந்த திருப்புளியை எடுத்து மணியைக் கழற்றி, அங்கியின் பையில் போட்டுக்கொண்டார். கை அவரைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. பிறகுதான் ஆட்டை உதைத்தார்.

அவர் உள்ளே வந்து உட்காரவும் தேர்தல் பார்வையாளர்களின் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆப்பிரிக்க நாடுகளெல்லாம் சேர்ந்து, ஒருவர் வீட்டுத் தேர்தலை மற்றவர் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு. தடுக்க மாட்டார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள், கேட்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள். பார்த்து எழுதுவதற்கு விமானம் ஏறி வர வேண்டுமா என்று லாத்திர் முதல் நாள் தேநீர்க் கடையில் கேட்டிருந்தார்.

வந்தவள் மாலினேயோ. கண்டத்தின் தென்கோடி மலைநாடான லெசோத்தோவிலிருந்து வந்தவள். அங்கே நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவளாம். அறுபது வயது, பருத்த உடம்பு, முதுகில் ஆப்பிரிக்கப் படம் போட்ட மேற்சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கூடவே யாங்குபா என்ற தலைநகரத்துப் பையன், மொழிபெயர்க்க. உட்கார்ந்ததும் அவன் சொன்னான்: "நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதுதான் எனக்குப் போட்டிருக்கற விதி."

மாலினேயோ மெதுவாகத்தான் கேட்டாள். "நீங்க உங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எத்தனை?"

"ரெண்டு."

அதில் பொய் இல்லை. அப்படித்தான் லாத்திர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பையில் மணி தொடையை அழுத்தியது. அது அசையாமலிருக்கக் கையை மேலே வைத்துக்கொண்டார்.

நீமாவைக் கூட்டி வந்தார்கள். கிழிந்த துணியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். மாலினேயோ கேள்வி கேட்பதற்கு முன்பே அவள் பேசிவிட்டாள். கடைசி முறையாக முயன்று பார்க்கிறாள் என்று லாத்திருக்குப் புரிந்தது.

"இந்தப் பய சொல்றத எழுதாதீங்கம்மா. இவன் என் அடிமை. நான் மாத்திச் சொல்லுன்னா மாத்திச் சொல்லணும் இவன்."

யாங்குபா அப்படியே மொழிபெயர்த்தான். மாலினேயோவின் பேனா நின்றது. அவள் முகம் கல்லானது. நாற்காலியை லாத்திர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"இந்தப் பெண் உங்களை அடிமைன்னு சொன்னது உண்மையா? இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்காங்களா? உங்களுக்கு இவங்ககிட்ட பயம் ஏதாவது இருக்கா? தயங்காம சொல்லுங்க. உங்களைப் பாதுகாக்கத்தான் நாங்க வந்திருக்கோம்."

யாங்குபா இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் லாத்திரைப் பார்த்தான். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். அவனுக்குத் தெரியும். ஒரு சிரிப்பு, ஒரு வார்த்தை, அது கிழவரிடமிருந்து வந்துவிட்டால் அவன் அதையும் அப்படியே மொழிபெயர்த்துவிடுவான். காத்துக்கொண்டிருந்தான்.

லாத்திரும் சிரித்திருக்கலாம். ஆனால் சிரித்தால் முடிச்சு அவிழும். அவிழ ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? ஆடு, கடலைக்கொடி, வண்டி, பையிலிருக்கும் மணி. காவலர் சொன்னதைக் கேட்காத திமிர்.

"சொன்னா" என்றார். "காலையிலயும் சொன்னா. எல்லார் முன்னாடியும்தான் சொன்னா."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

மை வைக்கிற ஜுலாப் பையன் புட்டியைக் கீழே வைத்துவிட்டு லாத்திரை முதல் தடவை பார்ப்பவன்போலப் பார்த்தான். மாலினேயோ அரைப் பக்கம் எழுதினாள். எழுதி முடித்து அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். அந்தக் கை மெத்தென்று, ஈரமாக இருந்தது. லாத்திர் தன் கையை உருவி மறுபடி பையின் மேல் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து சாலையோரத் தேநீர்க் கடைக்கு நடந்தார். கடைக்கார அன்சுமானாவும் ஜுலாதான். இருபத்தைந்து வருடமாக லாத்திரின் தலை தெரிந்தாலே, "வர்றான் பாரு ஓடிப்போன அடிமை, கட்டிப் போடுங்கடா" என்று கத்துகிறவன்.

அன்று செய்தி அவருக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டிருந்தது. அவன் எழுந்து நின்றான். தோள்துண்டால் பலகையைத் துடைத்தான்.

"வாங்க ஐயா. உக்காருங்க."

பலகையில் இருந்த மூன்று பேரும் எழுந்து ஒதுங்கினார்கள்.

"என்னடா ஐயா? வாயில கொழுக்கட்டையா?" என்றார் லாத்திர்.

"எங்க வாய் சரியில்லைங்க. இத்தனை வருசம் தப்பா ஏதாவது பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. எழுதற அளவுக்குப் போகும்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

"டேய் அரிசித் திருடா, டீய ஊத்துடா முதல்ல!" லாத்திர் வலிய வரவழைத்துக்கொண்டு கத்தினார். பழைய குரல்தான் வந்தது.

ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அன்சுமானா முதல் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றான். மாமனாரின் முன்னால் மருமகன் நிற்பதுபோல. நால்வரும் அவர் குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள், அவர் போன பிறகு பேசலாம் என்று.

லாத்திர் ஒரு வாய் உறிஞ்சினார். குவளையை வைத்துவிட்டு எழுந்தார். சாலையில் நின்ற காவல் வண்டியின் கம்பிக்குப் பின்னால் ஜெர்ரே உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் அவரைத் திட்டவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

பள்ளிக்குள் போனவர் நேராக மாலினேயோவின் மேசைக்குப் போய், பையிலிருந்ததை எடுத்து அவள் தாள்களின் மேல் வைத்தார். அது உருண்டு ஒருமுறை ஒலித்து அடங்கியது.

"இது என்ன?" என்றாள் அவள்.

"ரெண்டாவது சத்தம்" என்றார் லாத்திர். "என் வண்டி மணி. பின்னால சன்னலுக்குக் கீழ சாத்தியிருந்தேன். கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் கேக்கல. ஆடு வந்து உரசியிருக்கு. இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. அந்தப் பையனும் ஒரு கோலிதான் போட்டான்."

யாங்குபா கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சாவடித் தலைவர் தலையில் கை வைத்தார். மாலினேயோ மட்டும் அசையாமல் அடுத்த கேள்வியைக் கேட்டாள். நீதிபதியாக இருந்தவள்தான், சந்தேகமில்லை.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

லாத்திர் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டம் போட்டு விளையாடிய கரிக்கோடுகள் இருந்தன.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி."

யாங்குபா அதையும் அப்படியே சொன்னான்.

"அப்புறம் அந்த அடிமைங்கற பேச்சு..." லாத்திர் தொடங்கினார். "அது திட்டு இல்லம்மா. அது எங்களுக்குள்ள... அது வந்து..." வாழ்நாளில் யாருக்கும் விளக்க வேண்டியிராத ஒன்றை விளக்க அவரிடம் வார்த்தை இல்லை. கையை மட்டும் ஆட்டினார். "தம்பி, நீயே சொல்லு. இப்ப கூட்டிச் சொல்லு."

யாங்குபா சொன்னான். படகு, அக்கா தங்கை, எல்லாவற்றையும் சொன்னான். மாலினேயோ கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ல இப்படி ஒண்ணு இல்ல" என்றாள் கடைசியில். "நான் எழுதிட்டேனே. இவங்க மேல எழுதிட்டேனே." அரைப் பக்கத்தைக் குறுக்காக அடித்தாள். அவள் காதுமடல்கூடச் சிவந்ததுபோல லாத்திருக்குத் தோன்றியது. அறையில் வெட்கப்பட இன்னொரு ஆள் இருந்தது அவருக்கு ஆறுதலாக இல்லை. தன் வெட்கத்தில் ஒரு பங்கை அந்தப் பொம்பளைக்கும் வாரிக் கொடுத்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

அவருடைய வாக்குமூலத்தை எழுதிப் படித்துக் காட்டினார்கள். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். ஜெர்ரேயை இறக்கிவிட்டார்கள். யாருடைய துணியையோ தலையில் கட்டிக்கொண்டு நீமா தன் மேசைக்கு வந்தாள். வரிசை மறுபடி நகர்ந்தது. ஊரின் கோலிகள் பிழைத்தன. லாத்திரை முகவர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். எழுப்பாவிட்டாலும் அவர் அதில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அவர் நீமாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"நான்தான் அடிமை. ஒத்துக்கறேன். உன் அடிமை தப்புப் பண்ணிட்டான். எசமானி, நாலு போடு."

எந்தச் செரேரும் எந்த ஜுலாவிடமும் ஒத்துக்கொள்ளாத ஒன்று அது. வேறொரு நாளாக இருந்தால் ஊரே உருண்டு புரண்டு சிரித்திருக்கும், பத்து வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கும்.

நீமா தட்டிலிருந்து ஒரு கோலியை எடுத்து அடுத்து நின்ற பெண்ணிடம் கொடுத்தாள்.

"பரவாயில்லைங்க ஐயா" என்றாள். "வெயில் அதிகமா இருக்கு. நிழல்ல போயி உக்காருங்க."

சொல்லிவிட்டு அடுத்த கோலியை எடுத்தாள். அவள் நிமிரவில்லை.

வெளியே மாமரத்தடியில் மாலினேயோ அவரைக் கூப்பிட்டாள். முகம் தெளிந்திருந்தது. கையில் இன்னொரு தாள். யாங்குபா படித்துச் சொன்னான். தவறு உடனே திருத்தப்பட்டது, பாதிக்கப்பட்டவரின் உரிமை மீட்கப்பட்டது, இரு தரப்பும் மனமொத்துச் சமாதானம் அடைந்தனர்.

"இந்த ஊரைப் பத்தி எங்க அறிக்கையில நல்லபடியா வரும்" என்றாள் மாலினேயோ. "நீங்களே வந்து உண்மையைச் சொன்னீங்க. அம்பது நாட்டுக்கும் மேல இதைப் படிப்பாங்க. இதுலயும் ஒரு கைநாட்டு வெச்சுடுங்க."

"அந்தப் பொண்ணு வெச்சுதா?"

"வெச்சாங்க. கேட்டதும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"போடும். அது படிச்ச பொண்ணு. மரியாதை தெரிஞ்சது." லாத்திர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "முன்ன வெச்ச தாள்ல இருந்தது நடந்துச்சு. அதனால வெச்சேன். இதுல இருக்கறது நடக்கலையே அம்மா."

"நடக்கும். கொஞ்ச நாள் ஆகும்."

"நடந்தப்புறம் எழுதுங்க."

"நாங்க நாளன்னைக்குக் கெளம்பிடுவோம், ஐயா."

"அப்ப எழுதாதீங்க."

யாங்குபா இதை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே லாத்திர் திரும்பி நடந்தார். பின்சுவருக்குப் போய் வண்டியை எடுத்தார். கடலைக்கொடியில் பாதிதான் மிச்சமிருந்தது. ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வரிசையைக் கடந்தார். நேற்று வரைக்கும் சக்கரத்துக்குக் குறுக்கே காலை நீட்டி அடிமையிடம் விளையாட்டாகச் சுங்கம் கேட்கிறவர்கள் அன்று ஒவ்வொருவராக விலகி வழி விட்டார்கள். நல்ல பொம்பளைதான் அந்த மாலினேயோ, பொய் எழுதுகிறவளாகத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாள் அம்பது நாட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறது? அன்சுமானாவின் கடையைத் தாண்டும்போது உள்ளே பேச்சு நின்றது. லாத்திர் தலையைத் திருப்பாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.